சில்க்போர்க்கில் ராகு காலம்

ஒரு டெனிஷ் தொழிற்சாலை முழுவதையும் ராகு காலம் பார்க்க வைத்த பெருமை எனக்கு உண்டு. பெருமை என்று இப்போதுதான் சொல்கிறேன். அன்றைக்கு மேசைக்குக் கீழே போய் ஒளிக்கலாமா என்றுதான் பார்த்தேன்.

தமிழ் அகதிகளின் குடும்ப விண்ணப்பங்களை டெனிஷ் அமைச்சர் ஒருவர் முடக்கி வைத்த ‘தமிழர் வழக்கு’ பத்திரிகைகளில் அடிபட்ட காலம் அது. குடும்பத்தைக் கூப்பிட எங்கள் ஆட்கள் போட்ட விண்ணப்பங்கள் எங்கோ ஓர் அலுமாரியில் நெடுநாள் நித்திரை கொண்டுவிட்டு, அப்போதுதான் மெல்லக் கண் விழித்துக்கொண்டிருந்தன. என் மனைவி வதனி கொழும்பில் ஒரு வாடகை அறையில் மூன்று வருடமாகக் காத்திருந்தாள். நான் சில்க்போர்க்கில், ஏரிக்கரையில் மேசை நாற்காலி செய்யும் ஒரு தளபாடத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் கணினி வலையமைப்பைப் பார்க்கும் தற்காலிக ஊழியன். வேலையை நிரந்தரமாக்கி ஒரு கடிதம் தந்தால் அதை வதனியின் கோப்பில் சேர்க்கலாம். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் அலுவலகப் பொறுப்பாளர் கிர்ஸ்டன். திங்கட்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

வதனி ஒரு நாட்காட்டியை அனுப்பி, கூடவே எழுதியிருந்தாள்: “வீசா வருமட்டும் ராகு காலத்திலை ஒரு அலுவலும் தொடங்காதேங்கோ. யோசிச்சுக்கொண்டு இருந்தா உங்களுக்கு நேரம் போறது தெரியாது.” என்னை நன்றாக அறிந்தவள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கிர்ஸ்டன் ஒரு வேலை தந்தார். எல்லோருடைய கடவுச்சொல்லும் நாற்பது நாளுக்கு ஒருமுறை மாற வேண்டும். (ஒருவர் தன் கடவுச்சொல்லை எழுதித் திரையிலேயே ஒட்டி வைத்திருந்தார். அதுவும் அவருடைய நாயின் பெயர்.) நிர்வாகிக் கணக்கு உட்பட எல்லாப் பெயரையும் மொத்தமாகக் குறித்து, விதியைப் போட்டேன். அலுவல் முடிந்தது.

அப்போது அதே மென்பொருளில் இன்னோர் அட்டவணை கண்ணில் பட்டது. யார் எந்த நேரத்தில் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் அட்டவணை. திங்கள், செவ்வாய் என்று நாளுக்கு ஒரு வரி, அரை மணித்தியாலத்துக்கு ஒரு நட்சத்திரக் குறி. குறி இருந்தால் உள்ளே வரலாம், அழித்தால் வர முடியாது. பார்த்தால் அச்சு அசல் பஞ்சாங்கம். ராகு காலத்தில் என்னை நானே உள்ளே விடாமல் பூட்டிவிட்டால் வதனியின் சொல் தப்பாது என்று நினைத்தேன்.

வெளியே ஏரியின் மேல் பனி பஞ்சுபோல விழுந்துகொண்டிருந்தது. திங்கள் ஏழரையிலிருந்து ஒன்பது வரை மூன்று நட்சத்திரங்களை அழித்தேன். என் கற்பனையில் வதனி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். செவ்வாய்க்கு மூன்று. அவளுக்குச் சிவப்புக் கோட்டு, குளிரில் மூக்கும் சிவப்பு. புதன், வியாழன், நான் அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். ஞாயிறு வரிக்கு வந்தபோது இரண்டு பேரும் எங்கள் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சூட்டோடு சேமித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். கடவுச்சொல்லுக்காக எல்லாப் பெயரையும் குறித்தது அப்படியே இருந்ததும், நான் பூட்டியது எல்லோருக்கும் சேர்த்து என்பதும் எனக்குத் தோன்றவேயில்லை. (டென்மார்க்கில் சூரியன் உதிக்கிற நேரமே வேறு, ராகு காலமும் வேறு என்பதும் தோன்றவில்லை.)

திங்கள் ஏழரைக்கு வலையமைப்பு எல்லோரையும் வெளியே தள்ளியது. அனுப்புச் சீட்டு அச்சாகவில்லை, முற்றத்தில் லொறிகள் வரிசையாக நின்றன. நிர்வாகிக் கணக்கில் நுழையப் பார்த்தேன். இந்த நேரத்தில் அனுமதி இல்லை என்றது. சிவப்புக் கோட்டு கண்முன்னே மெல்ல மங்கியது.

கிர்ஸ்டன் வந்தார். “எப்போது சரிவரும்?”

“ஒன்பது மணிக்கு.”

“சரியாக ஒன்பதுக்கா? எப்படித் தெரியும்?”

என் அரைகுறை டெனிஷில் ராகுவை விளக்கினேன். வானத்தில் ஒரு பாம்பு, தினமும் ஒன்றரை மணித்தியாலம், அப்போது நல்ல காரியம் தொடங்கக்கூடாது.

“அந்தப் பாம்புக்கு இங்கே அனுமதி கொடுத்தது யார்?”

“நான்தான்.”

பிறகு மறைக்க ஒன்றுமில்லை. வதனி, மூன்று வருடம், கடிதம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏதாவது ஒன்றைப் பிழையாகத் தொடங்கினால் அவள் வராமலே போய்விடுவாள் என்று எனக்குப் பயம். அதையும் சொன்னேன்.

கிர்ஸ்டன் போய்க் கோப்பி போட்டார். எல்லோரும் கோப்பையோடு ஜன்னலருகே நின்று, பனிமூட்டத்துக்குள் ஏரியைத் தேடினோம். அந்த அலுவலகத்தில் அப்படியோர் அமைதியை நான் கேட்டதில்லை. (சேர்வரின் மணிக்கூட்டைத் திருப்பிவிட்டால் போதும் என்ற புத்தி எனக்கு ஒன்பதரைக்குத்தான் வந்தது.)

ஒன்பதுக்குத் திரைகள் உயிர்பெற்றன. அழித்த நட்சத்திரங்களையெல்லாம் திரும்பப் போட்டேன். கிர்ஸ்டன் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் என் நிரந்தர வேலைக் கடிதம் இருந்தது. பேனாவை எடுத்தவர் நிறுத்தி, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“பாம்பு போய்விட்டதா?”

“போய்விட்டது.”

கையெழுத்துப் போட்டார். நிர்வாகிக் கடவுச்சொல்லை மட்டும் உறையில் இட்டுத் தன் அலுமாரியில் பூட்டிக்கொண்டார்.

சில மாதங்களில் வதனி வந்தாள். விமானம் இறங்கியது ஒரு திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு. நான் மணிக்கூட்டைப் பார்த்து முழிப்பதை அவள் கண்டுவிட்டாள். கதை முழுவதும் நான் எழுதிய கடிதத்தில் படித்தவள்.

“எல்லாருக்கும் பூட்டினனீங்கள், எனக்கு மட்டும் திறந்து விட்டிருக்கிறியள்,” என்றாள். நான் வாங்கி வைத்திருந்த, ஓர் அளவு பெரிதான சிவப்புக் கோட்டை அவளுக்குப் போட்டுவிட்டு அழுதேன்.

இன்றைக்கும் வீட்டில் இணையம் நின்றாலும், குளியலறைக் கதவு அதிக நேரம் பூட்டியிருந்தாலும், மகள் டெனிஷில் கேட்பாள், “அப்பா, ராகுவா?” என்று. நான் வாய் திறக்கமுன் வதனி குசினியிலிருந்து பதில் சொல்வாள்:

“பொறு பிள்ளை, ஒன்பது மணிக்குத் திறக்கும்.”