உலக வர்த்தகத்துக்கு ஒரு பெரட்டு

பேர் பதியாமல் ஆண்டவனையே கருவறைக்குள் விடமாட்டார் என்று அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்கள் முழுவதும் நம்பிய ஒரு மனிதர் உண்டு. பெரட்டுக் கங்காணி என்பதைத் தவிர அவருக்கு வேறு பெயர் இருந்ததாக எவரும் அறியார். காலையில் வேலைக்கு முன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டை, ஓய்வு பெற்ற பின்னும் அவர் கைவிடவில்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை வரிசையில் நிறுத்தினார். கோயில் கூட்டத்துக்குத் தாமதித்து வந்த குருக்களுக்குக் கொப்பியில் அரைநாள் சம்பளம் என்று போட்டார்.

பண்டாரவளையில் கல்லூரி அதிபராக இருந்த எனக்கு இத்தகையோருடன் சகவாசம் கிடையாது. ஆயினும் சென்ற ஆண்டு, தேயிலை வணிகத்துக்கு உலக அளவில் விதி வகுக்கும் அமைப்பொன்றின் பிரதிநிதி அவருடைய தோட்டத்துக்கு வந்தபோது, மொழிபெயர்க்க என்னை அழைத்திருந்தார்கள். புதிய விதி நிறைவேறினால் அந்தத் தோட்டத்தின் கொழுந்து ஏற்றுமதிக்குத் தகுதி இழக்கும்; ஆட்களுக்கு வேலை இராது. ‘தொழிலாளரிடம் கருத்துக் கேட்கப்பட்டது; சம்மதித்தனர்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய தாள், தொழிலாளர் கூடிய மண்டபத்தின் மேசைமேல் ஒப்பத்துக்குக் காத்திருந்தது. வந்த விருந்தினரை மறுப்பது பண்பன்று எனக் கருதி, சாட்சியாக நான் முதலிலேயே ஒப்பமிட்டிருந்தேன்.

கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி பேனாவைத் தொட்டபோது கங்காணி எழுந்தார்.

“பெரட்டு எடுக்கலீங்களே. பேர் சொல்லுங்க தொர. ஒங்கள யாரு அனுப்புனது?”

மூத்த தொழிலாளர் ஒருவர் தங்களை அன்புடன் வரவேற்கிறார் என்று நான் ஆங்கிலத்தில் நீட்டி முழக்கினேன். பிரதிநிதி மகிழ்ந்து கைகூப்பினார்.

கங்காணி என்னையே பார்த்தார். “நான் கேட்டதுக்கு யாராச்சும் கும்புடுவாங்களா ஐயா? என் கேள்விய எங்க போட்டீங்க?”

மண்டபம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் கண்கள் எச்சரித்தன. நாற்பது ஆண்டுகள் கட்டிக்காத்த மதிப்பு கண்முன்னே ஆடியது.

கங்காணி விடவில்லை. “இன்னொண்ணும் கேளுங்க. இந்த விதி தப்பாப் போனா, இவர எந்தப் பெரட்டுல நிறுத்திக் கேக்கிறது?”

இம்முறை இரண்டு கேள்விகளையும் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். விதி வகுப்பது அரசுகள் கூடும் சபை என்றும், தோட்டத்திலிருந்து எவரும் அங்கில்லை என்றும், தவறினால் கேட்பதற்கு இடமில்லை என்றும் பிரதிநிதி தாழ்ந்த குரலில் ஒப்புக்கொண்டார்.

கங்காணி அவருக்கு அரைநாள் போட்டார். “இது உண்மை சொன்னதுக்கு. முழுநாள் வேணும்னா, முடிவெடுக்கிறதுக்கு முன்னால விதியத் தமிழ்ல எழுதிக்கிட்டு வரச் சொல்லுங்க.”

பெண் பேனாவைக் கீழே வைத்தாள். நான் தாளை இழுத்து என் ஒப்பத்தைக் கோடிட்டு அடித்தேன். விதி இன்னும் நிறைவேறவில்லை, கைவிடப்படவும் இல்லை.

வாகனம்வரை கங்காணி என்னுடன் நடந்து வந்தார். “பயந்துட்டீங்க போல ஐயா. ஆனா சொல்லிட்டீங்க.”

எனக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடைகளை வீட்டுக்கு வருவோருக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். கங்காணி சொன்ன இந்த ஒன்றை மட்டும் இன்றுவரை எவரிடமும் சொன்னதில்லை. எனக்கென்று வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது.