மாப்பிள்ளையின் காருக்கு நான் பார்த்த ஹேண்ட் பிரேக் வைத்தியம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கார் மட்டும் சௌக்கியமாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஐந்து மாதத்துக்கு முன்பு விருந்தாளிகள் நடுவில் நான் ஏதோ வாய் தவறிச் சொல்லப்போக, நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கார் சாவியை மேசையில் வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். "ஹேண்ட் பிரேக்கை நம்பாம சக்கரத்துக்குக் கல்லு வெக்கிறவரு, குடும்பத்தை எப்படிக் காப்பாத்தப் போறாரு?" என்றது வெறும் தமாஷ்தான். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்திருக்கலாம்.

போகட்டும். அன்றிலிருந்து காலையில் பேப்பர் எடுக்கப் போகும்போதெல்லாம் வாசல் சரிவில் உங்கள் காரின் முன்சக்கரத்துக்கு வைத்த அந்தக் கல் கண்ணில் பட்டு உறுத்தியது. பிரேக்கைச் சரிசெய்து காரை அனுப்பிவைத்தால் உங்கள் கோபம் ஆறிவிடும், நான் வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன். முப்பது வருஷம் தையல் மிஷின் ரிப்பேர் பார்த்த கைக்கு ஒரு நட் என்ன பெரிய விஷயமா? ஞாயிற்றுக்கிழமை பனியனோடு இறங்கினேன். பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, லீவருக்கு அடியில் இருக்கும் மூடியைக் கழற்றி (கழற்றிய ஸ்க்ரூ மூன்று, திரும்பக் கிடைத்தது இரண்டு), கேபிள் நட்டைக் கொஞ்சம் முடுக்குவதும், உங்கள் அத்தையை உள்ளே உட்காரவைத்து லீவரை இழுக்கச் சொல்லி எத்தனை 'கிளிக்'கில் பிடிக்கிறது என்று எண்ணுவதும், மறுபடி முடுக்குவதுமாக, பதினொன்றிலிருந்து எட்டுக்கு வருவதற்குள் அவள் அடுப்பில் வைத்த பால் பொங்கி, பாத்திரம் கரிந்து, வீடெல்லாம் புகை. அதற்கும் நான்தான் காரணமாம். ஒருவழியாக ஆறில் நின்றது. லீவரை இறக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், தாராளமாகச் சுற்றியது. ஜாக்கியையும் இறக்கினேன். அத்தோடு உள்ளே போயிருக்கலாம்.

"அந்தக் கல்லு பாட்டுக்கு இருக்கட்டுமே, உங்களை என்ன பண்ணுது?" என்றாள் உங்கள் அத்தை. "இனிமே இந்த வீட்ல கல்லுக்கு வேலை இல்ல" என்று சொல்லி, எதிர்வீட்டுப் பல் டாக்டரையும் பார்க்கக் கூப்பிட்டு, கல்லைக் காலால் ஒரு தள்ளு தள்ளினேன். கார் கொஞ்சம் யோசித்தது. அப்புறம் மெதுவாகப் பின்னால் சரிவில் இறங்கி, கேட்டைத் தாண்டி, தெருவைக் கடந்து, டாக்டர் வீட்டு மதில்சுவரில் போய் உட்கார்ந்தது. முன் பம்பரைப் பிடித்துக்கொண்டு நானும் கூடவே ஓடினேன். பின்கண்ணாடி போச்சு, டிக்கி மூட மாட்டேன் என்கிறது, சுவரில் ஐந்தடி காலி. டாக்டர் கோபப்படவில்லை. "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நானாயிருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன், மாப்பிள்ளை.

ஆனால் ஒன்று, என் கைவேலையில் குறையில்லை. அந்தப் பிரேக்கே உதவாக்கரை. நீங்கள் வாங்கும்போதே பார்த்து வாங்கியிருக்க வேண்டும். இருந்தாலும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மகளை வெயிலில் அலைய விடாதீர்கள். இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டார். "யாரு சார் டைட் பண்ணது? கச்சிதமா இருக்கு. ஆனா லீவரு கீழயே இருக்கே, இழுக்கவே இல்லையா?" என்றார். இழுக்கவில்லை, மாப்பிள்ளை. பிரேக் மேலும் தப்பில்லை, உங்கள் மேலும் தப்பில்லை. அன்று நான் சொன்னது தமாஷும் இல்லை, வாய் தவறியதும் இல்லை. உங்களை மட்டம் தட்டத்தான் சொன்னேன். மேலே எழுதியதைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை. என்னை மன்னித்து, ஒரு தடவை வீட்டுக்கு வாருங்கள்.