ஐஸ் பெட்டி மேல் ஒரு மாஸ்டர்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போதே தரமாட்டேன். ஐஸ் பெட்டி மாதிரிதான் கதையும். எடுத்த எடுப்பிலேயே மூடியைத் திறந்து "எங்கே, எங்கே" என்று கையை விட்டுத் துழாவினால் எல்லாம் வெதுவெதுவென்று போய்விடும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் மாஸ்டரைப் பார்த்துவிடலாம்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் மாஸ்டர். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, "மெல்ல... மெல்ல... கண்ணாடியப் பாருங்க... கிளட்ச்ச விடுங்க... ஐயோ, நான் எங்க இப்ப விடச் சொன்னேன்!" என்று நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கரகரத்துப் போனவர். சரி, வீட்டுக்கு வந்தாலாவது அந்த வாய் ஓயுமா? ஓயாது. மனைவி வெங்காயம் வதக்கினால் பின்னாலேயே வந்து நிற்பார்.

"தீயக் குறை. கரண்டிய லெஃப்டுல ஒடி. மெல்ல... மெல்ல... ஹாங், இப்ப உப்பு."

சமையலறைத் தரையில் பிரேக் இல்லையே என்பதுதான் அவருடைய ஒரே மனக்குறை.

மனைவிக்குப் பார்சல் கவுண்டரில் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவர் பார்சலம்மா. பேச்சு குறைவு, டேப் அதிகம். "உள்ள என்ன இருக்கு? உடையுமா? ஒழுகுமா?" அவ்வளவுதான் அவருடைய உரையாடல். வீட்டில் புருஷன் பேசுவதை, முகவரி சரியில்லாத பார்சலை வாங்கி ஓரமாக வைப்பதுபோல் வாங்கி வைத்துவிடுவார்.

போன தடவை இவர்கள் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போனார்கள். மாஸ்டர், பார்சலம்மா, பள்ளிக்கூடம் படிக்கும் மகள், பார்சலம்மாவின் தம்பி. தம்பிக்கு மெத்தைக் கடையில் வேலை. வாடிக்கையாளருக்குப் படுத்துக் காட்டிக் காட்டியே சம்பளம் வாங்குகிற பாக்கியசாலி. இவனும் மகளும் நிமிஷத்துக்கு ஒருமுறை ஐஸ் பெட்டியைத் திறந்து திறந்து மூடியதில் மதியத்துக்குள் சோடா வெந்நீர் ஆயிற்று. வெண்ணெய் எண்ணெய் ஆயிற்று. கோழி என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். அன்றைக்கு ஆளுக்கொரு புதராகப் பிரிந்து போனார்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

அதனால் இந்தத் தடவை மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பெட்டி என் பொறுப்பு. நாளைக்கு மதியம் பன்னெண்டு மணி வரைக்கும் மூடியத் தொறக்கக் கூடாது. தொறக்காம இருந்தா குளிர்ச்சி எங்கேயும் போகாது. இது விஞ்ஞானம்."

"அதுவரைக்கும் நாங்க என்னத்த சாப்பிடறது?" என்றார் பார்சலம்மா.

"ரொட்டி இருக்கு. வாழைப்பழம் இருக்கு. மன உறுதி இருக்கு."

"மன உறுதிய எதுல தொட்டுக்கிறதுப்பா?" என்றாள் மகள்.

"பேசாத. நாளைக்கு இந்தப் பெட்டியிலேருந்து நான் எடுத்துக் குடுக்கற சோடா பல்லு கூசுற மாதிரி ஜில்லுன்னு இருக்கும். பந்தயம்!"

பந்தயம் என்றதும் பார்சலம்மா நிமிர்ந்து பார்த்தார். வழக்கமாக அவர் நிமிர்வதே கிடையாது.

"இருந்தா?"

"இருந்தா, இனி இந்த வீட்டுல அரிசி ஊற வைக்கிறதுலேருந்து எல்லாம் நான் சொல்றபடிதான். வாயத் தொறந்து எதிர்ப் பேச்சு பேசக் கூடாது."

"இல்லன்னா?"

"இல்லன்னா நீயே சொல்லு."

"சமையலறைக்குள்ள நீங்க வாயத் தொறக்கக் கூடாது. ஆயுசுக்கும்."

மனுஷனிடம் வேறு எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். இது உயிரைக் கேட்பது மாதிரி. இருந்தாலும் மச்சினன் பார்த்துக்கொண்டிருந்தான். மச்சினன் எதிரில் பின்வாங்கின புருஷன் யார்?

"சரி," என்றார்.

"அதுவரைக்கும் நீங்களும் தொறக்க மாட்டீங்க?"

"என்னை யாருன்னு நெனச்ச? சட்டம்னா எனக்கும்தான்."

பார்சலம்மா தலையாட்டினார். பார்சல் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பெட்டியை அடுக்கும் வேலை நடந்தது. அடுக்கியது பார்சலம்மா, ஓட்டியது மாஸ்டர். "உறைஞ்ச பாட்டில் அடியில. கோழி நடுவுல. சோடா ஓரமா, ஓரமா... ஸ்டாப்!" எல்லாம் பிரமாதமாக முடிந்ததும், காரின் டயரில் காற்றுப் பார்க்க வெளியே போனார். மச்சினன் மெத்தையைச் சுருட்டுவதற்கு உள்ளே போனான். மகள் அவனுக்கு உதவப் போனாள். மாஸ்டர் திரும்பி வந்தபோது பெட்டியின் மூடியைச் சுற்றி டேப், டேப்பைச் சுற்றி டேப்.

"உள்ள என்ன இருக்கு?" என்றார் பார்சலம்மா, கவுண்டர் குரலில்.

"குளிர்ச்சி."

"மதிப்பு?"

"என் மானம்."

"அப்ப லேசான பார்சல்தான்."

மாஸ்டர் தூக்கிப் பார்த்தார். இடுப்பு 'கிளுக்' என்றது. "லேசா? அடேங்கப்பா! பாத்தியா, குளிர்ச்சிக்குன்னு ஒரு கனம் இருக்கு!"

ஆற்றங்கரை. நல்ல வெயில். ஆறு கூழாங்கற்களைப் புரட்டிக்கொண்டு சலசலவென்று வேகமாக ஓடியது. கரையோரம் ஒரு மரம், மரத்தடியில் பெட்டி. பார்சலம்மா பெட்டியின் கைப்பிடியில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, மறுமுனையை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் புதருக்குள் போய், தண்ணீர்ப் பக்கம் ஏதோ செய்துவிட்டு ஏறி வந்தார்.

"இது எதுக்கு?"

"நாய் கீய் வந்து பெட்டிய இழுத்துட்டுப் போயிட்டா? கீழ கெட்டியா கட்டியிருக்கேன். எதுக்கும் நீங்க மேல உக்காந்துக்குங்க."

மாஸ்டருக்குப் புல்லரித்துவிட்டது. எதிரணியே காவலைப் பலப்படுத்துகிறது! பெட்டி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். வெயில் ஏற ஏற, தனக்குக் கீழே சோடா பாட்டில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெடவெடவென்று நடுங்குவதை நினைத்துப் பார்த்தார். நாக்கு உலர்ந்தது. வெதுவெதுப்பான தண்ணீரையும் காய்ந்த ரொட்டியையும் பார்சலம்மா கொண்டுவந்து வைத்தார். ரொட்டியை விழுங்கும்போது தொண்டைக்குள் மரம் அறுக்கும் சத்தம் கேட்டது.

மற்ற மூன்று பேரும் அடிக்கடி கை கழுவப் போனார்கள். இவ்வளவு சுத்தமான குடும்பமா நம்முடையது என்று மாஸ்டருக்கே ஆச்சரியம். ஒவ்வொரு தடவையும் கயிறு வெடுக்கென்று ஆடியது.

"யாரது! பெட்டிய யாரு இழுக்கறது?"

"நாய்ப்பா!" என்று கீழேயிருந்து மகள் குரல் வந்தது. "துரத்திட்டு இருக்கோம்!"

"லொள்! லொள்!" என்றது நாய். கொஞ்சம் மச்சினன் குரல். "லொள்... லொள்... ஏஏவ்!"

'நாய்க்கும் அஜீரணம்போல' என்று மாஸ்டர் இரக்கப்பட்டார்.

மகள் மேலே வந்து பின்னாலிருந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாஸ்டர் துள்ளி விழுந்தார்.

"கை ஏன் இப்படி ஐஸ் மாதிரி இருக்கு?"

"ஆத்துல வச்சிருந்தேன்ப்பா."

"தாகமா இருக்கா கண்ணு? கொஞ்சம் பொறுத்துக்கோ."

"தாகமே இல்லப்பா. கட்டுப்பாடுன்னா என்னன்னு உங்களப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்."

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. உடம்பில் மிச்சமிருந்த ஈரம் அதுதான். பார்சலம்மா பக்கத்தில் வந்தபோது மூக்கை உறிஞ்சினார்.

"ஆரஞ்சு வாசம் அடிக்குதே?"

"சோப்பு."

"நல்ல சோப்பு," என்று எச்சில் விழுங்கினார்.

ஒதுங்கப் போகும்போது மட்டும் மச்சினனைப் பெட்டி மேல் உட்கார வைத்தார். அவன் மறுபேச்சில்லாமல், "நீங்க நிதானமாப் போயிட்டு வாங்க அத்தான், நான் அசைய மாட்டேன்," என்று கால் மேல் கால் போட்டுக்கொண்டான். 'திருந்திட்டான்' என்று நினைத்துக்கொண்டே போனார். இரவு பெட்டியைக் கட்டிக்கொண்டே தூங்கினார். கனவிலும் சோடா வந்தது, கையில் மட்டும் சிக்கவில்லை.

மறுநாள் மதியம் பன்னிரண்டு மணி. மாஸ்டருக்கு உதடு வெடித்திருந்தது, மூக்கு சிவந்திருந்தது, ஆனால் முகத்தில் அப்படியொரு வெற்றிக் களை. மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்தார். பக்கத்தில் பார்சலம்மாவின் சின்ன அடுப்பு தயாராக இருந்தது.

"எல்லாரும் பல்லக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. கூசப் போகுது. கத்தி குடு மச்சான்."

டேப்பை அறுத்தார். இன்னொரு டேப்பை அறுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, குளிர்ந்த காற்று வந்து முகத்தில் மோதுவதற்காகத் தலையைக் குனிந்து, மூடியைத் திறந்தார்.

குப்பென்று அந்துருண்டை வாசனை அடித்தது.

கண்ணைத் திறந்தார். ஸ்வெட்டர். அவருடைய பழுப்பு ஸ்வெட்டர். எடுத்தார். அதனடியில், போன வருஷம் தொப்பையைக் கரைக்கிறேன் என்று வாங்கி, கட்டிலுக்கடியில் உருட்டிவிட்ட இரும்பு டம்பெல். எடுத்தார். இன்னொரு ஸ்வெட்டர். எடுத்தார். இன்னொரு டம்பெல்.

"திருட்டு!" என்று கத்தினார். "நான் மேல உக்காந்திருக்கும்போதே எவனோ அடியில கைய விட்டு மாத்தி வச்சுட்டான்! திருட்டுப் போனா பந்தயம் செல்லாது!" என்று சொல்லிக்கொண்டே கடைசி டம்பெல்லையும் தூக்கி வெளியே வைத்தார்.

பெட்டி நகர்ந்தது.

யாரும் தொடவில்லை. காலிப் பெட்டி தானாகவே, புல் மேல் சர்ரென்று, அவரைத் தாண்டி ஆற்றை நோக்கி நடக்க ஆரம்பித்தது.

"பிடிங்க!" என்று அலறினார் பார்சலம்மா. "உக்காருங்க! மேல உக்காருங்க!"

"பிரேக்கு அத்தான், பிரேக்கு!" என்று குதித்தான் மச்சினன்.

மாஸ்டர் பாய்ந்து, புரண்டு, பெட்டி மேல் தொம்மென்று உட்கார்ந்தார். பெட்டி நின்றது. கயிறு விறைத்துக்கொண்டு நின்றது. மகள் சரிவில் இறங்கி அந்தக் கயிற்றைப் பிடித்து, கிணற்றில் தண்ணீர் இறைப்பது மாதிரி இழுத்தாள். புதருக்குப் பின்னால் ஆற்றிலிருந்து ஒரு வலைப்பை சொட்டச் சொட்ட மேலே வந்தது. உள்ளே சோடா. ஆரஞ்சு ஜூஸ். மூடி இறுகின டப்பாவில் பாதி தீர்ந்துபோன கோழி. எல்லாவற்றின் மேலும் முத்து முத்தாகத் தண்ணீர்.

மாஸ்டர் கண்ணால் கயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தார். வலைப்பை. புதர். சரிவு. புல். கைப்பிடி. பெட்டி. பெட்டிக்கு மேலே, தான்.

"வீட்டுலேருந்து வரும்போது?" என்றார் ஈனஸ்வரத்தில்.

"மெத்தைக்குள்ள அத்தான்," என்றான் மச்சினன். "உங்க உறைஞ்ச பாட்டிலோட வச்சுச் சுருட்டிட்டோம். குளிர்ச்சி துளி வெளிய வரலியே! கடையில சும்மாவா சொல்றோம்?"

"இது மோசடி! தொறந்து பாத்திருந்தா அப்பவே..."

"தொறக்கக் கூடாதுன்னு நானா சொன்னேன்?" என்றார் பார்சலம்மா.

மாஸ்டர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு கியராக மாற்றிப் பார்த்தார், எதுவும் விழவில்லை.

"அப்ப நேத்துலேருந்து வெயில்ல நான் எதுக்குத்தான் காவல் இருந்தேன்?"

"ஆறு என்ன வேகமா இழுக்குது பாத்தீங்கல்ல? இரும்பு மட்டும் போதாது, கனமா இன்னும் ஏதாவது வேணும்னு தம்பி சொன்னான். அதுக்கென்ன, வீட்டுலயே இருக்குன்னு கூட்டிட்டு வந்தேன்."

மாஸ்டரின் வாய் மெல்லத் திறந்தது. ஒரு வார்த்தை புறப்பட்டு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பார்சலம்மா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, ஒரு சோடாவை 'டுஸ்' என்று உடைத்து அவர் கையில் கொடுத்தார்.

"அடுப்பு எரியுதுங்க. இனிமே இதான் சமையலறை. குடிக்கிறதுக்கு மட்டும் வாயத் தொறங்க."