மாஸ்டரின் கையில் ஒன்பது பேர்

ஒரு வேலை முடிந்துவிட்டது என்று ஒத்துக்கொள்ள உலகத்திலேயே அதிக நேரம் எடுத்த மனிதர் திருகோணமலையில்தான் இருந்தார். அவர் எங்கள் ஓம் மாஸ்டர். தேநீர்க் கடையில் "பிளேன்ரீ ஒண்டு" என்பார். கடைக்காரர் ஆமாம் என்று வாய் திறந்து "ஓம்" சொல்லும்வரை கதிரையில் உட்கார மாட்டார். தலையாட்டினால் செல்லாது. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் சொல்லிவிட்டு, "ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ ஐயா" என்று அவர் நின்றதில் ஐயருக்கு மந்திரமே மறந்துபோனது.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் துறைமுகப் பக்கத்தில் சொந்தக் கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, முதன்முதல் கொம்பியூட்டர் வாங்கியவன் நான்தான். மறுப்பவர் இருந்தால் வரட்டும். யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடிக் கிடந்த யுத்த காலம். கப்பல்தான் வழி. போகக் காத்திருப்பவர்களின் பெயர்களை வரிசைப்படி பதிந்து கொடுப்பது என் கந்தோர் வேலை. ஒரு கொம்பியூட்டர் கந்தோரில், மற்றது தம்பலகாமத்தில் என் அரிசி ஆலையில். ஒன்று அழிந்தாலும் மற்றதில் அதே பட்டியல் இருக்கவேண்டும் என்று இரண்டையும் ரெலிபோன் கம்பியால் பிணைத்தவர் என்னிடம் வேலைக்கிருந்த மாஸ்டர்.

பிணைத்த விதம்தான் வில்லங்கம். இங்கே தட்டிய பெயர் தம்பலகாமம் போய், அங்கே எழுதப்பட்டு, "கிடைத்தது" என்று பதில் வந்த பிறகுதான் இங்கே அடுத்த பெயருக்கு வழி விடும். கம்பியோ நத்தை. வரிசை வெயிலில் காய்ந்தது.

"மாஸ்டர், உந்தப் பெட்டியும் உம்மை மாதிரியே நிக்குது. மாத்தும்."

"மாத்தலாம் முதலாளி. இஞ்ச பதிஞ்ச உடன அடுத்த ஆளைக் கூப்பிடலாம், தம்பலகாமம் பின்னால ஆறுதலா எழுதும். ஆனா இடையில இந்த மெசின் போச்செண்டால், வழியில நிக்கிற பேருகள் அவ்வளவும் போச்சு."

"என்ர மெசின் ஏன் போகுது? சிங்கப்பூர்ச் சாமான்."

"ஓமெண்டு சொல்லுங்கோ, மாத்துறன்."

"ஓம், ஓம், ஓம். போதுமே?"

வரிசை பறந்தது. அந்தச் சந்தோசப் புளுகத்தில் நம்பர் எழுதிய துண்டு கொடுப்பதையும் நிறுத்தினேன். கொம்பியூட்டர் இருக்கையில் துண்டு எதற்கு?

மூன்றாம் நாள் மத்தியானம் மின்சாரம் போய்த் திரும்பி வந்த வேகத்தில் சிங்கப்பூர்ச் சாமான் புகைந்தது. நாங்கள் அறுபத்தொன்று வரை பதிந்திருந்தோம். ஆலைக்கு ரெலிபோன் அடித்துக் கேட்டால், அங்கே ஐம்பத்திரண்டோடு நிற்கிறது. நாலு மணிக்குக் கப்பல்காரரிடம் பட்டியல் கொடுத்தாக வேண்டும். விசயம் வெளியே கசிந்ததும், "அந்த ஒன்பது பேர் நாங்கள்தான்" என்று நாற்பது பேர் வந்துவிட்டார்கள்.

அவர்களில் ஒருவர் சாவகச்சேரிப் பள்ளிக்கூட ரீச்சர். தாய் அங்கே படுத்த படுக்கை. இவர் இங்கே மூன்று கிழமையாகக் காத்திருக்கிறார். சத்தம் போடவில்லை.

"முதலாளி, காலமை உங்கட முன்னாலதானே பேர் சொன்னனான்?"

சொன்னவர் போலத்தான் இருந்தது. நாற்பது பேரும் அப்படித்தான் இருந்தார்கள். மூன்று லொறி ஓட்டும் நான் அன்றைக்கு வாசலுக்கு ஓடி, மாஸ்டரின் சைக்கிள் வருகிறதா என்று பார்த்தேன்.

அறுபத்தோராவது பெயரோடு எழும்பி, சல்லிக் கிராமத்து வீட்டுக்குச் சாப்பிடப் போன மாஸ்டரையும் காணோம். மூன்றரை மணிக்குத்தான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார், சட்டைக்கை கிழிந்து. இராணுவச் சோதனைச் சாவடியில் மறித்து வைத்திருந்தார்களாம்.

"ஏன் மாஸ்டர் மறிச்சவை?"

இடக்கையை நீட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பேனாவால் பெயர்கள். தம்பலகாமத்துக்கு இன்னும் போய்ச் சேராத பெயர்களைக் கையில் எழுதுவாராம். சேர்ந்துவிட்டதென்று ஆலைக்கு அடித்துக் கேட்டபின், எச்சில் தொட்டு அழிப்பாராம். நான் சொன்னபடி மாற்றிய நாளிலிருந்து இதே வேலை.

"ஆர் இந்த ஆக்கள் எண்டு கேட்டவை. யாழ்ப்பாணம் போறவை, ஆனா இன்னும் தம்பலகாமத்துக்கு வந்து சேரேல்ல எண்டனான்."

"உமக்கு விசரே, பைத்தியமே? உந்தக் கதைக்கு ஆர் விடுவான்?"

"உள்ளதைத்தானே சொன்னனான். ஒருத்தர் பாவம் பாத்து, அழிச்சுப்போட்டுப் போ எண்டு தண்ணியும் தந்தவர். தம்பலகாமம் எழுதேல்லையே, எப்பிடி அழிக்கிறது? கடைசியில பெரியவர் ஒருத்தர் வந்து பாத்திட்டு, விசரன், விடு எண்டிட்டார்."

அந்தச் சாவடிக்குள் போன சைக்கிள்களில் சில, ஆளோடு திரும்பி வந்ததேயில்லை. அதை மாஸ்டரும் அறிவார்.

கையைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டோம். ஐந்தாவது பெயர் ரீச்சருடையது. அவர் கிட்ட வந்து, தன் பெயர் எழுதியிருந்த இடத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அடுத்த கப்பலில் தாயிடம் போய்ச் சேர்ந்தார்.

ஒன்பது பெயரையும் ரெலிபோனில் ஆலைக்குச் சொல்லி, அங்கிருந்து அவர்கள் திருப்பி வாசித்த பிறகுதான் மாஸ்டர் கையை மடக்கினார். கந்தோருக்குப் பின்னால் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். எவருக்கும் கைகழுவத் தண்ணீர் அள்ளாத நான் வாளியைத் தூக்கி வார்த்தேன், சவர்க்காரமும் போட்டுத் தேய்த்தேன். பாதி நாள் வெயிலில் காய்ந்த மை லேசில் போகவில்லை. நானும் அவசரப்படவில்லை.