காட்சிக்கு வைத்த தொட்டில்

காட்சிச்சாலைகளில் 'தொடாதீர்கள்' என்று பலகை மாட்டுவதற்கு என்னைப் போன்றவர்கள்தான் காரணம். ரம்புக்கனைப் பக்கத்தில் ஓரிடத்தில் அந்தப் பலகையை எனக்காகவே மாட்டினார்கள். (பெருமைக்குச் சொல்லவில்லை.)

அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தை வாங்கிய முதலாளி, கண்டிக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் இறங்கிப் பார்ப்பதற்காக, தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த பழைய லயம் ஒன்றை நூறு வருடத்துக்கு முந்திய லயம் மாதிரியே ஆக்கியிருந்தார். உள்ளே அந்தக் காலத்து மனிதர்களும் உண்டு. தலைப்பாகை கட்டிய கங்காணி ஒருவர், ரொட்டி சுடுகிற பெண் ஒருத்தி, தொட்டில் ஆட்டுகிற தாய் ஒருத்தி. அந்தத் தாய் என் அம்மா.

அதற்கு முந்திய மழைக்காலத்தில் என் தம்பி ரவிக்குக் காய்ச்சல் வந்தது. கைக்குழந்தை. என்னைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது தம்பி இல்லை. செத்துப்போய்விட்டான் என்று பக்கத்துக் காம்பரா வீட்டில்தான் சொன்னார்கள். வீட்டில் அவன் பெயரை யாரும் எடுக்கவில்லை. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவதை நிறுத்தினாள். கொஞ்ச நாளில் இந்த வேலை கிடைத்தது.

"அங்க என்னம்மா வேல?" என்று கேட்டேன்.

"தொட்டில் ஆட்டுறது."

"தொட்டில்ல யாரு இருக்கா?"

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்று அங்கேயே கூட்டிப் போனார்கள். மண்ணடுப்பு, சிமினி விளக்கு, கிழிந்த கம்பளி, புகை பிடித்த சுவர். எங்கள் வீட்டிலும் அதேதான். ஒரே வித்தியாசம், அங்கே கூரை ஒழுகவில்லை. "அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க எவ்வளவு கஷ்டப்பட்டிருக்காங்க, பாருங்க" என்றார் டீச்சர். நாங்களும் அந்தக் காலத்து ஆட்களுக்காக மிகவும் இரக்கப்பட்டோம்.

அப்போதுதான் உள்ளேயிருந்து தாலாட்டுக் கேட்டது. அம்மாவின் குரல். தாலாட்டில் ரவியின் பெயர் வந்தது.

என் மூளை வேலை செய்தது. (அந்த வயதில் அது அளவுக்கு மீறி வேலை செய்யும்.) தம்பி சாகவில்லை. இந்த முதலாளிக்குக் காட்சிக்கு வைக்க ஒரு பிள்ளை தேவைப்பட்டிருக்கிறது. அவனை இங்கே வைத்துக்கொண்டு, அம்மாவைத் தினமும் வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தாண்டினேன். அதாவது தாண்டப் பார்த்து, கால் சிக்கி, நூறு வருடத்துப் பானையின் மேல் விழுந்தேன். (முந்திய வாரம்தான் சந்தையில் வாங்கியதாம்.) எழுந்து ஓடித் தொட்டிலுக்குள் இரண்டு கையையும் விட்டேன்.

"ரவி, வாடா, வீட்டுக்குப் போவோம்."

கையில் வந்தது துவாய் சுற்றிய தலையணை.

டீச்சர் "ஐயோ" என்றார். வெள்ளைக்காரர்கள் கமெராவைத் தூக்கினார்கள். பார்க்க வந்தவர்களோடு பேசக்கூடாது என்பது அம்மாவுக்குப் போட்டிருந்த சட்டம். அம்மா என்னையே பார்த்தாள். தலையணையை வாங்கி, துவாயைச் சரியாகச் சுற்றி, பிள்ளையைக் கிடத்துவது போலவே தொட்டிலில் கிடத்தினாள்.

"தம்பி தூங்குறான். எழுப்பாத" என்றாள்.

வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். நாடகம் என்று நினைத்துவிட்டார்கள். டீச்சர் என் காதைப் பிடித்து பஸ்வரை இழுத்துப் போனார்.

அன்று மாலை அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "சனி, ஞாயிறுல புள்ளயையும் கூட்டிட்டு வரச் சொல்றாங்க. அதே மாதிரி செய்யணுமாம். பகல் சாப்பாடும் தருவாங்களாம்."

அப்பா முதலில் சிரித்தார். பிறகு எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய் வெகுநேரம் நின்றார். அடுத்த வாரம் அம்மா மறுபடி பால் வெட்டப் போய்விட்டாள். ஒரே காட்சியோடு நடிப்பிலிருந்து ஓய்வுபெற்றவள் நான்.

2009இல் நான் கல்யாணமாகி வரக்காப்பொலயில் இருந்தேன். என் மகள் கைக்குழந்தை. அவளைப் பார்க்க வந்திருந்த அம்மா திடீரென்று, "அங்க ஒரு தடவ போயிட்டு வருவோமா?" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

போனோம். தொட்டிலில் இப்போது நீலக்கண் பிளாஸ்டிக் பொம்மை. தாயாக இருந்த சின்னப் பெண் ஒரு கையால் கைத்தொலைபேசியை நோண்டிக்கொண்டே மறு கையால் ஆட்டினாள். தாலாட்டு ரேடியோப் பெட்டியிலிருந்து வந்தது. கயிற்றில் மூன்று மொழியிலும் பலகை.

என் மகள் வீரிட்டு அழத் தொடங்கினாள். நான் தோளில் போட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் விசிலடித்துப் பார்த்தார். இன்னும் அழுதாள். அம்மா அவளை வாங்கிக்கொண்டு, கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள்.

"கொஞ்சம் எந்திரிம்மா" என்று அந்தப் பெண்ணை எழுப்பி, பொம்மையை அவள் கையில் கொடுத்துவிட்டு, என் மகளைத் தொட்டிலில் போட்டாள். பாடினாள். பாட்டில் ரவிதான் வந்தான். பிள்ளை அடங்கியது.

"இருந்திருந்தா இந்நேரம் மீசை வந்திருக்கும்" என்றாள் அம்மா, தொட்டிலைப் பார்த்தபடியே. அத்தனை வருடத்தில் அவனைப் பற்றி அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

காவலாளி ஓடிவந்து சிங்களத்தில் சத்தம் போட்டான். அம்மா திரும்பாமலே, "கேகஹன்ன எபா புத்தே" என்றாள். கத்தாதே மகனே என்று. அவன் தொப்பியைக் கழற்றினான். பிறகு, வேலையையும் விட முடியாமல், கிசுகிசுப்பாக, டிக்கட் இருக்கிறதா என்று கேட்டான்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யார் தொட்டிலை எட்டிப் பார்த்தாலும், என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்று, "டிக்கட் இருக்கா?" என்று கிசுகிசுப்பார். எல்லாரும் சிரிப்போம். அம்மாவும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே உள்ளே கையை விட்டு, பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்வாள்.