சவப்பெட்டிக்கு எட்டாத தோள்

அன்புள்ள அண்ணன் கோல்மனுக்கு,

தம்பி மலாக்கி எழுதுகிறேன். இங்கே நானும் என் வீட்டுக்காரி பிரீடும் ஆடுகளும் நலம், என் வலது தோள் மட்டும் அதில் சேராது. பதிலுக்கு உன் நலத்தைக் கேட்பதுதான் முறை. ஆனால் கால்வே ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கையை விரித்துவிட்ட ஆளிடம் நலமா என்று கேட்டால் நீ எழுந்து வந்து உதைப்பாய். எழுந்து வருவாய் என்றால் நூறு தடவை கேட்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வந்தபோது, உன் பெட்டியை யார் யார் தூக்க வேண்டும் என்று நீயே பேர் சொல்லி, முன்னால் மலாக்கி, வலது தோளில் என்று முடித்துவிட்டாய். சர்ச்சிலிருந்து கல்லறைக்கு ஒரே மேடாயிற்றே, சக்கர வண்டியில் வைத்துத் தள்ளலாமே என்று நான் மெல்ல ஆரம்பித்ததும், "தள்ளிட்டுப் போறதுக்கு நான் என்னடா உருளைக்கிழங்கு மூட்டையா?" என்று நீ போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்தாள். அவள் முன்னால் நானும் சரியென்று தலையாட்டிவிட்டேன். அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். என்னால் முடியாது அண்ணா.

வலிக்குப் பயந்து சொல்கிறேன் என்று நினைக்காதே. அந்தச் செம்மறிக் கிடா என்னை வேலியோடு வைத்து முட்டியதிலிருந்து வலியோடு குடித்தனம் நடத்திப் பழகிவிட்டேன். இப்போது வந்திருக்கும் சங்கடம் வேறு. இந்தத் தோள் எங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. சிரிக்காதே. இடித்துவிடுமே என்று கதவில் ஒருக்களித்து நுழைகிறேன். பிரீட் பார்த்தால் இரண்டு பக்கமும் தாராளமாக இடம் கிடக்கிறது. தேநீர்க் கோப்பையை மேசையில் வைப்பதாக நினைத்து மேசைக்கு இந்தப் பக்கமே விட்டுவிடுகிறேன், அது நேரே நாயின் தலையில் இறங்குகிறது. நான் கெட்டிலைத் தொட்டாலே இப்போது நாய் வெளியே போய்விடுகிறது. கடைசியில் பிரீட் என்னைப் பிசியோதெரபி பார்க்கும் நெஸாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். சின்னப் பெண்தான், கண்டிப்பு மட்டும் கன்னியாஸ்திரியுடையது. கைகளின் படங்களைக் காட்டி, இது இடதா வலதா என்று கேட்டாள். இடது கையைப் பட்டென்று சொன்னேன், வலது கை வந்தபோதெல்லாம் திருதிருவென்று விழித்தேன். முதுகுப் பக்கம் ஒரு பேனாவாலும் இரண்டு பேனாவாலும் மாற்றி மாற்றித் தொட்டு, ஒரு முனையா இரண்டு முனையா என்றாள். இடப்பக்கம் சரியாகச் சொன்னேன், வலப்பக்கம் குத்துமதிப்புதான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு என் இரண்டு தோளையும் வரையச் சொன்னாள். வரைந்ததைப் பார்த்து பிரீட், "என்னய்யா இது, வலது பக்கம் மாட்டக் கட்டி வெச்சிருக்கே?" என்றாள். நெஸா சிரிக்கவில்லை. "அடிபட்ட இடம் எப்பவோ ஆறிடுச்சு சார். ஆனா வலி வருஷக்கணக்கா நீடிச்சா, உடம்பப் பத்தி மூளை வெச்சிருக்கிற படம் சில பேருக்குக் கலங்கிப்போகும். தோள் பெருசா, வேற எங்கயோ இருக்கிற மாதிரி தோணும். உங்க வலி பொய்யில்ல. படம்தான் தப்பு," என்றாள்.

இதோடு போயிருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை நம் பக்கத்துப் பண்ணைக் கிழவன் ஃபெஸ்டியை அடக்கம் செய்தோம். உன்னுடையதற்கு ஒத்திகையாக இருக்கட்டும் என்று நானே போய்த் தோள் கொடுத்தேன். மன்னித்துக்கொள், இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பின்னால் நம் சித்தப்பா மகன் ஜார்லத். மழை, சேறு, அந்த மேடு. என் தோள் எங்கேயோ உயரத்தில் நிற்பதாகப் பட்டது, பெட்டி சாய்ந்துவிடக் கூடாதே என்று முழங்காலை மடக்கி மடக்கி நடந்தேன். வலி என்றால் கழுத்திலிருந்து விரல் நுனிவரை தீப்பிடித்த மாதிரி. உயிரோடிருந்தபோது ஃபெஸ்டி இவ்வளவு கனமில்லையே என்று முனகிக்கொண்டே போகிறேன், பாதி மேட்டில் ஜார்லத் மூச்சு வாங்க, "டேய் மலாக்கி, பெட்டிக்கும் உன் தோளுக்கும் நடுவுல ஒரு கோழி பூந்து போகும்டா. மொத்தத்தையும் நான் தூக்கிட்டு வர்றேன், நீ எதுக்குடா முனகுற?" என்றான். திரும்பிப் பார்த்தேன். உண்மைதான், பெட்டி என்னைத் தொடவே இல்லை. ஃபெஸ்டியின் மனைவி உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பாதிரியாருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து ஆட்டுக் கொட்டகையில் நின்று அழுதேன்.

இடது தோளுக்கு மாறிக்கொள்ளேன் என்பாய். மாறினால் பெட்டியைப் பிடிக்க வலது கை குறுக்கே மேலே போக வேண்டும், அது சட்டைப்பை வரைக்கும்தான் போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. நீ என்மேல் இருக்கிறாயா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் உன்னைக் கொண்டுபோகப் பயம். ஊரே பார்க்க உன்னைச் சேற்றில் போட்டுவிடுவேனோ என்று பயம். என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. நான் பூவைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறேன். திட்டாமல் சம்மதம் சொல்லி அனுப்பு.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல். கடவுள் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரட்டும், உன் வாயைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.

உன் தம்பி,
மலாக்கி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பிரீட் இதை வாங்கிப் படித்துவிட்டாள். "ஃபெஸ்டியத் தூக்காமலே அவ்ளோ வலிச்சுதா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்போ உங்க அண்ணனத் தூக்கலேன்னாலும் வலிக்கத்தானே போகுது?" என்றாள். அப்புறம் ஜார்லத்துக்குப் போன் போட்டாள். பின்னால் நடந்துகொண்டே என் தோளைக் கண்ணால் பார்த்து, ஏத்து, இறக்கு என்று சொல்லிக்கொண்டே வருகிறானாம், மாட்டுக்குச் சொல்வதைப் போல. ஆகவே மேலே எழுதியிருப்பது எதையும் பொருட்படுத்தாதே. முன்னால் நான்தான். வலி எப்படியும் வரும், இந்த முறையாவது அதற்கு ஒரு காரணம் இருக்கட்டும்.