பெஞ்சய்யாவுக்குப் பக்கத்தில் நின்றவள்

எங்கள் ஊரில் எமனுக்குப் பயப்படாதவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். பெஞ்சய்யாவுக்குப் பயப்படாத ஆளும் கிடையாது, ஆடும் கிடையாது. அவர் தலை தெரிந்தால் கீரனூர் ரோட்டில் படுத்திருக்கும் எருமைகூட எழுந்து ஓரமாக நிற்கும்.

சமஸ்தான ராஜா ஆட்சி முடிந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். பகலில் அவர் பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மாஸ்டர். சாயங்கால மணி அடித்தால் ஊருக்குப் பஞ்சாயத்து பிரசிடெண்டு. பள்ளிக்கூடத்தில் பழகிய தண்டனையைத்தான் ஊருக்கும் வைத்திருந்தார். தப்புச் செய்தவர் கிழவரோ புதுமாப்பிள்ளையோ, மறுநாள் காலை மூணாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் ஏறி நிற்க வேண்டும். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்க்கும்.

எச்சில் துப்பிய பூசாரி நின்றார். பிரேயர் நேரத்தில் ஹார்ன் அடித்த பஸ் டிரைவரும் நின்றார். பஸ்ஸில் இருந்தவர்கள், "டிரைவர எப்பங்கய்யா விடுவீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"எட்டாம் வாய்ப்பாடு முடியட்டும். அவசரம்னா நீங்களும் வந்து சேந்து சொல்லுங்க, வெரசா முடியும்."

இறங்கி வந்து சொன்னார்களாம்.

எல்லாத் தப்பிலும் பெரிய தப்பு, குடிதண்ணீர் ஊருணியில் கால் வைப்பது. படியில் நின்றே மொள்ள வேண்டும். கட்டைவிரல் நனைந்தாலும் பெஞ்சுதான்.

நான் மருமகளாக வந்து மூன்று மாதம். என் சின்ன நாத்தனார் மூணாம் வகுப்பு. அவள் வாய், மாமியார் காதுக்கு வைத்த குழாய். பிறந்த வீட்டில் யார் முன்னாலும் தலைகுனியாமல் வளர்ந்தவள் நான். அந்தப் பெஞ்சில் ஏறினால் என் மானம் அன்றோடு போயிற்று. கனவில்கூட அந்தப் பெஞ்சுதான் வரும்.

சித்திரை மாதம். தண்ணீர் கடைசிப் படிக்கும் கீழே இறங்கிவிட்டது. சுற்றிலும் ஆளில்லை. ஒரே ஒரு காலைத்தான் கீழே வைத்தேன். பாசி வழுக்கிப் பள்ளத்தில் போய் விழுந்தேன். கழுத்துவரை தண்ணீர், காலைச் சேறு இழுக்கிறது. கத்த வாயைத் திறந்தால், கரையில் பெஞ்சய்யாவின் கறுப்புக் குடை! வாயை மூடிக்கொண்டேன். செத்தால் ஒரு நாள் அழுகை. பெஞ்சு ஏறினால் ஆயுசுக்கும் ஏச்சு.

என் குடம் மிதந்து காட்டிக்கொடுத்துவிட்டது.

"யாரது? ஊருணியில கால வச்சது யாரு?"

"நான் வைக்கலீங்கய்யா. விழுந்துட்டேன்."

"விழுந்தாலும் காலு காலுதான்! இந்தா, கொடையப் பிடி!"

"பிடிச்சா பெஞ்சுல ஏத்துவீங்க..."

"ஏத்துவேன்! மொதல்ல பொழச்சு வா!"

குடை எட்டவில்லை. தண்ணீர் என் வாய்க்கு வந்துவிட்டது. பிறகு எனக்குக் கேட்டது 'தொபுக்' என்ற சத்தம்தான். பஞ்சாயத்து பிரசிடெண்டு செருப்புக் காலோடு ஊருணிக்குள் நின்றார்.

மறுநாள் காலை, தூக்குமேடைக்குப் போகிறவள்போல மூணாம் வகுப்புக்குப் போனேன். ஊரே ஜன்னலில் தொங்கியது. நாத்தனார் கண் கொட்டவில்லை. பெஞ்சில் ஏற்கெனவே ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. பெஞ்சய்யாவேதான்.

"ஏறு ஆத்தா. எடம் இருக்கு."

ஏறினேன். பெஞ்சு ஆடியது. நான் முந்தானையை இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"பயமா இருக்கா?"

"ஆமாங்கய்யா."

"எனக்குந்தான். எப்பவும்தான். வாந்திபேதி வந்த வருசம் இதே பெஞ்சுல நாலு புள்ளைக ஒக்காந்திருந்துச்சுக. கெட்டுப்போன ஊருணித் தண்ணியக் குடிச்சு நாலும் போயிருச்சு. அதுக்கப்புறம் இதுல ஒரு புள்ளைய ஒக்கார வைக்க மனசு வரல ஆத்தா. அதான், நிக்க வைக்கிறேன்."

சொல்லிவிட்டுக் குடையின் மறுமுனையை என் பக்கம் நீட்டினார். நேற்று எட்டாத குடை இன்று எட்டியது. ஊரே பார்க்க அதைப் பிடித்துக்கொண்டு தலைநிமிர்ந்து நின்றேன். மணி அடித்த பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை.